வீட்டிலேயே மோட்டார் சைக்கிள் டயர் மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பழைய அட்டைப்பெட்டியை விரித்து அதன்மேல் சக்கரத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வழக்கம். அங்கே நின்று வேடிக்கை பார்த்தவர்கள், பினாங்கில் இருக்கும் உறவினர்கள், அலுவலக நண்பர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் கப்சாய் என்று மலேசியாவில் நாம் சொல்லும் சிறிய மோட்டார் சைக்கிள் வகைக்கு, அதிலும் டியூப் உள்ள ஸ்போக் ரிம் சக்கரங்களுக்குப் பொருந்தும். நான் ஓட்டுவது ஹோண்டா இஎக்ஸ்5 என்பதால் உதாரணங்களும் அதிலிருந்தே வருகின்றன.

பட்டறையில் சற்று நேரத்தில் முடிந்துவிடும் வேலையை வீட்டில் ஏன் செய்ய வேண்டும்? பணம் மிச்சமாகுமா?

பெரிதாக மிச்சமாகாது. டயர் வாங்குகிற கடையிலேயே மாற்றியும் கொடுத்துவிடுவார்கள். அதற்கு வாங்கும் கூலியும் சொற்பம்தான். நல்ல லிவர்களும் ஸ்பேனர்களும் வாங்கப் போட்ட பணத்தை அந்தக் கூலியில் மீட்க வேண்டுமென்றால் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே சிக்கனத்துக்காக இதில் இறங்க வேண்டாம்.

நான் இறங்கியதற்குக் காரணம் வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் பின்டயரை மாற்றிக்கொண்டு வந்த மறுநாள் காலை, பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஓர் ஒலி கேட்டது. குனிந்து பார்த்தால், பிரேக் டிரம்மின் மூடியைப் பின்சக்கரத்தைத் தாங்கும் பின்கவையோடு பிணைக்கும் இரும்புப் பட்டையின் நட்டு விரலால் திருகினாலே சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அது கழலாமல் காக்க வேண்டிய ‘பின்’ என்னும் பூட்டு ஊசியும் இல்லை. அந்தப் பட்டை கழன்றிருந்தால், பிரேக் பிடிக்கும் நொடியில் மூடி சக்கரத்தோடு சேர்ந்து சுழல முயன்று, பிரேக் கம்பியை வளைத்து, சக்கரத்தையே இறுக்கிப் பூட்டியிருக்கும். வரிசையில் பத்து வண்டிகள் காத்திருக்கும்போது யாருக்கும் நேரக்கூடிய மறதிதான் அது. என் வண்டியில் நேர வேண்டாம் என்று மட்டும் அன்று முடிவு செய்தேன்.

எந்த வண்டிகளுக்கு இது ஏற்றது, எவற்றுக்கு ஏற்றதன்று?

17 அங்குல ஸ்போக் ரிம்மில் டியூப் போட்ட மெலிந்த டயர் என்றால் தயங்காமல் செய்யலாம். பழகுவதற்கு இதைவிட எளிய சக்கரம் கிடையாது. அலுமினியத்தில் வார்த்த, நாம் ஸ்போர்ட் ரிம் என்று சொல்லும் சக்கரத்தில் டியூப்லெஸ் டயர் இருந்தாலும் முடியும். ஆனால் பழைய டயரை ரிம்மிலிருந்து விடுவிப்பதும் புதியதைக் காற்றால் உட்கார வைப்பதும் கடினம். யமஹா ஒய்15 போன்ற வண்டிகளின் அகலமான பின்டயரை முதல் முயற்சிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஸ்கூட்டர்களில் பலவற்றுக்குப் பின்சக்கரத்தை எடுக்கப் புகைக்குழாயையே முதலில் கழற்ற வேண்டியிருக்கும். பெரிய மோட்டார் சைக்கிள்களுக்குச் சக்கரத்தை மட்டும் வீட்டில் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், டயரை இயந்திரத்தில் மாற்றிக்கொண்டு வருவதே நல்லது. அந்த நடுவழியை நான் எல்லாருக்குமே பரிந்துரைப்பேன்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

உங்கள் வண்டியின் அச்சு நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பேனர்கள், மூன்று டயர் லிவர்கள், வால்வின் உள் ஊசியைக் கழற்றும் சிறு சாவி, காற்றழுத்த மானி, காலால் மிதிக்கும் பம்பு, சோப்புநீர், பழைய துணி. இவ்வளவு போதும். இரண்டு லிவர்களில் ஒப்பேற்றலாம் என்பார்கள். மூன்றாவது இருந்தால் முழங்காலுக்கு வேலை குறையும்.

லிவருக்குப் பதிலாக ஸ்க்ரூ டிரைவரைப் பயன்படுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் முனை டியூபைக் குத்தும், ரிம்மின் விளிம்பைக் கீறும், வழுக்கினால் உள்ளங்கையில் ஏறும். லிவரின் முனை வட்டமாக, வழவழப்பாக இருக்க வேண்டும். புதிதாக வாங்கியதில் பிசிறு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். ஸ்போர்ட் ரிம்முக்கு, காலியான எஞ்சின் எண்ணெய்ப் போத்தலின் பிளாஸ்டிக்கைக் கை அகலத்துக்கு வெட்டி, லிவருக்கும் ரிம்முக்கும் நடுவே மடித்து வைத்தால் கீறல் விழாது.

டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்களில் எவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்?

பலரும் அளவை மட்டும் பார்த்துவிட்டு, அதற்கடுத்த எண்ணைப் படிப்பதில்லை. 2.50-17 43L என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் ஏறக்குறைய 2.5 அங்குலம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம். 43 என்பது சுமைக் குறியீடு. அந்த டயர் 155 கிலோ வரை தாங்கும் என்பது அதன் பொருள். L என்பது மணிக்கு 120 கிலோமீட்டர் வரையிலான வேகத்துக்குரியது. புதிய முறையில் 70/90-17 என்று எழுதியிருந்தால், அகலம் 70 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 90 விழுக்காடு. வேக எழுத்து P என்றால் 150 கிலோமீட்டர், S என்றால் 180.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரே 70/90-17 அளவில் 38 என்று குறித்த டயரும் கிடைக்கும், 43 என்று குறித்த டயரும் கிடைக்கும். 38 என்பது 132 கிலோ. வேறுபாடு 23 கிலோ. தனியாக ஓட்டுபவருக்கு அது பொருட்டாகத் தோன்றாது. ஆனால் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, சந்தைப் பைகளைக் கொக்கியில் மாட்டி, பள்ளம் விழுந்த சாலையில் போகிற வண்டியின் பின்சக்கரத்துக்கு அந்த 23 கிலோ தேவைப்படும். பழைய டயரில் என்ன சுமைக் குறியீடு இருந்ததோ அதற்குக் குறையாமல் வாங்குங்கள்; கூடுதலாக இருந்தால் தவறில்லை.

இளைஞர்கள் சிலர் அழகுக்காகக் குச்சிபோல மெலிந்த டயர்களை மாட்டுகிறார்கள். என் அக்காள் மகனும் மாட்டியிருந்தான். அவனிடம் அழகைப் பற்றிப் பேசாமல் இந்தச் சுமைக் குறியீட்டை மட்டும் படித்துக் காட்டினேன். அவன் எடையையும் பின்னால் ஏறுகிற நண்பனின் எடையையும் அவனே கூட்டிப் பார்த்துக்கொண்டான்.

கடையில் ‘புதிய டயர்’ என்று கொடுப்பது உண்மையிலேயே புதியதுதானா என்று எப்படி அறிவது?

பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது. சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும் என்பதால் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

எங்கள் தாத்தா சிலாங்கூர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். பழைய ரப்பரை அவர் கட்டைவிரலால் மடித்துப் பார்ப்பார். மடிப்பில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் ‘இது செத்துவிட்டது’ என்பார். டயருக்கும் அதே சோதனை செல்லும். வெயில், வெப்பம், காற்றிலுள்ள ஓசோன் ஆகியவை ரப்பரை இறுக்கி வெடிக்கச் செய்கின்றன. நம் ஊரில் ஆண்டு முழுவதும் வெயிலில் நிற்கும் வண்டிக்கு இது சீக்கிரமே வரும். பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் பக்கச்சுவரை அழுத்தும்போது வெடிப்புகள் தெரிந்தால் அந்த டயரை வைத்திருக்க வேண்டாம். ஐந்து ஆண்டுகளைக் கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்பதும், பத்தைக் கடந்ததைப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கழித்துவிட வேண்டும் என்பதும் தயாரிப்பாளர்கள் தரும் பொது அறிவுரை. கப்சாயின் பின்டயர் அவ்வளவு காலம் தேயாமல் இருப்பதில்லை. முன்டயர்தான் தேயாமலேயே கிழடாகிவிடும், அதை யாரும் கவனிப்பதில்லை.

இஎக்ஸ்5இன் பின்சக்கரத்தைக் கழற்றச் செயினையும் கழற்ற வேண்டுமா?

வேண்டாம். வண்டியை டபுள் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பார்த்தால், அச்சின் ஒரு பக்கத்தில் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக இரண்டு நட்டுகள் தெரியும். வெளியே உள்ள சிறியது அச்சு நட்டு. உள்ளே உள்ள பெரியது பல்சக்கரத்தைப் பின்கவையோடு பிடித்திருப்பது. பெரியதைத் தொடாதீர்கள். பிரேக் கம்பியின் முனையிலுள்ள சரிப்படுத்தும் நட்டைக் கழற்றிக் கம்பியை விடுவித்து, நான் முன்பு சொன்ன இரும்புப் பட்டையின் பின்னையும் நட்டையும் எடுத்து, பிறகு அச்சு நட்டைக் கழற்றி அச்சை உருவினால், சக்கரம் தனியே பிரிந்து வரும். செயினும் பல்சக்கரமும் உறையோடு அப்படியே வண்டியில் நின்றுவிடும். திரும்பப் பூட்டும்போது செயினை மறுபடி இழுத்துச் சரிப்படுத்தும் வேலையும் இதனால் குறைகிறது. இந்த ஏற்பாட்டை யோசித்தவர் நிச்சயம் ஒரு முறையாவது சாலையோரத்தில் கையெல்லாம் கரியோடு உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

அச்சை உருவும்போது ஒரு சிறு குழாய்த்துண்டு கீழே விழும். அது எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், பூட்டும்போது நினைவோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கழற்றிய பொருள்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வையுங்கள். சக்கரத்தைத் தரையில் சாய்க்கும் முன் பிரேக் மூடியைக் கைகளால் தூக்கி எடுத்துவிடுங்கள். உள்ளே படிந்திருக்கும் தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

முன்சக்கரத்துக்கு வேறு கவனம் ஏதும் உண்டா?

உண்டு. முன்சக்கரத்தை எடுத்ததும் வண்டி முன்பக்கம் சாயும் என்பதால், எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை ஒன்றை முட்டுக் கொடுங்கள். புகைக்குழாயின்மீது எடை விழக்கூடாது. டிரம் பிரேக் என்றால், திரும்ப மாட்டும்போது பிரேக் மூடியிலுள்ள வெட்டுக்குள் முன்கவையிலுள்ள புடைப்பு சரியாக உட்கார வேண்டும். அது உட்காராமலேயே அச்சை நுழைத்து இறுக்கிவிட முடியும் என்பதே இதிலுள்ள ஆபத்து. வேகமானியின் கேபிளையும் மறக்காதீர்கள். டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் வெளியே இருக்கும்போது யாரும் கைப்பிடியை அழுத்தக்கூடாது. பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டைச் செருகி வையுங்கள், குறிப்பாக வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால்.

பழைய டயர் ரிம்மைவிட்டு வரவே மாட்டேன் என்கிறது. இன்னும் நீளமான லிவர் வாங்க வேண்டுமா?

இந்தக் கேள்விதான் அதிகமாக வருகிறது. நீளமான லிவர் இன்னும் பெரிய சேதத்தை உண்டாக்கும், அவ்வளவுதான்.

டயரின் உள்விளிம்பைப் பட்டறைகளில் பீடு என்பார்கள். அதற்குள் எஃகுக் கம்பி சுற்றப்பட்டிருக்கிறது, அது நீளாது. பீடின் வட்டமோ ரிம்மின் வெளி விளிம்பைவிடச் சிறியது. நீளாத சிறிய வளையத்தைப் பெரிய விளிம்பின் மேலாக எப்படித் தாண்டச் செய்வது? விடை ரிம்மின் நடுவில் இருக்கிறது. டயர் இல்லாத ரிம் ஒன்றை எடுத்துப் பாருங்கள்: இரு ஓரங்களும் மேடாக, நடுவில் வாய்க்கால்போல ஒரு பள்ளம் சுற்றிலும் ஓடும். பீடின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், எதிர்ப்பக்கத்தில் அதே அளவு தளர்வு கிடைக்கும்; அந்தத் தளர்வில்தான் விளிம்பைத் தாண்ட வேண்டும். கையில் இறுக்கமாக இருக்கும் வளையலை, கையைக் குவித்துக் கட்டைவிரல் மேட்டைத் தாண்டவைத்துக் கழற்றுவதைப் போன்றதே இதுவும். வலுவாக இழுத்தால் வளையல் உடையும், கைதான் ஒடுங்க வேண்டும்.

எனவே வேலையின் வரிசை இப்படி அமையும். முதலில் வால்வின் உள் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். வால்வின் அடியில் ரிம்மோடு இறுகியிருக்கும் நட்டையும் எடுத்துவிடுங்கள். சக்கரத்தைப் படுக்கவைத்து, பக்கச்சுவரின்மீது குதிகாலால் சுற்றிச் சுற்றி மிதித்து, இரு பக்கத்துப் பீடும் ரிம்மின் மேட்டிலிருந்து விடுபடச் செய்யுங்கள். சோப்புநீர் தடவுங்கள். வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இரண்டு முழங்கால்களையும் வைத்து, பீடைப் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே, வால்வுப் பக்கத்தில் முதல் லிவரை நுழைத்து மேலே தூக்குங்கள். அதிலிருந்து நான்கு விரல் தள்ளி இரண்டாவது லிவர். பிறகு மூன்றாவது. ஒவ்வொரு முறையும் சிறிய கடியாக எடுங்கள். பேராசைப்பட்டு ஒரு சாண் தள்ளி லிவரை நுழைத்தால் அது அசையாது.

எந்த இடத்தில் கை நடுங்கும் அளவுக்குப் பலம் தேவைப்படுகிறதோ, அங்கே நிறுத்துங்கள். எதிர்ப்பக்கத்துப் பீடு பள்ளத்திலிருந்து நழுவி மேலே ஏறியிருக்கும். மறுபடி அழுத்தி இறக்கினால் அதே லிவர் ஒரு கையால் சாயும். சரியாகச் செய்தால் கப்சாய் டயருக்கு மூச்சு வாங்கக்கூட அவசியமில்லை. எங்கள் மாடியில் பல்கலைக்கழகம் போகிற பெண்பிள்ளை ஒருத்தி, கட்டுடல் கொண்ட அவள் அண்ணனைவிட விரைவாகத் தன் வண்டியின் டயரைக் கழற்றினாள். அவன் பலத்தை நம்பினான், அவள் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதிய டயரைப் போட்டுக் காற்றடித்ததும் இறங்கிவிடுகிறது. என்ன தவறு?

லிவருக்கும் ரிம்முக்கும் நடுவே டியூபைக் கிள்ளியிருக்கிறீர்கள். என் முதல் முயற்சியில் ஒரே காலையில் இரண்டு டியூப்களை இப்படி இழந்தேன். இரண்டாவதைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தபோது, பாம்பு கடித்ததுபோல அருகருகே இரண்டு சிறு துளைகள். இரண்டும் கடைசி லிவரை வைத்த இடத்திலேயே இருந்தன.

அன்று நான் செய்த தவறு, வால்வுப் பக்கத்தில் தொடங்கி எதிர்ப்பக்கத்தில் முடித்தது. டியூபின் அடித்தடிப்பும் வால்வும் அந்த இடத்தில் ரிம்மின் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், பீடு அங்கே பள்ளத்துக்குள் இறங்காது. இறங்காவிட்டால் எதிர்ப்பக்கத்தில் தளர்வும் கிடைக்காது. தளர்வு இல்லாததால் பலத்தைக் கூட்டினேன், லிவர் ஆழமாகப் போய் டியூபைப் பிடித்துக்கொண்டது. ஆகவே இரண்டாவது பீடை ஏற்றும்போது வால்வுக்கு எதிரே தொடங்கி, இருபுறமும் சமமாக முன்னேறி, வால்வில் முடிக்க வேண்டும்.

டியூபைத் தட்டையாக உள்ளே திணிக்கக்கூடாது. அது உருண்டு தன் வடிவத்துக்கு வரும் அளவுக்கு மட்டும் சிறிது காற்றடித்து நுழையுங்கள். அப்போது அது மடியாது, லிவரின் வழியில் வந்து தொங்கவும் செய்யாது. உள்ளே போகும்முன் டியூபின்மீது முகப்பவுடரைத் தூவித் தடவினால் டயரோடு ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கி உட்காரும். ஸ்போக்குகளின் தலைகளை மூடும் ரப்பர் பட்டை கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லையென்றால் டியூப் உள்பக்கத்திலிருந்து குத்துப்படும். புது டயருக்குப் புது டியூப் என்பதே என் கட்சி. பழையதைத் தண்ணீரில் சோதித்து உதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசிக் கடி முடிந்ததும், வால்வை உள்ளே தள்ளி வெளியே இழுத்துப் பாருங்கள். தடையின்றிப் போய் வந்தால், பீடின் அடியில் டியூப் சிக்கவில்லை.

சோப்புநீருக்குப் பதிலாக எண்ணெய் தடவலாமா?

கூடாது. பெட்ரோலிய எண்ணெயும் கிரீசும் ரப்பரைக் கெடுக்கும். காய்ந்தும் போகாது என்பதால், பிரேக் பிடிக்கும்போது ரிம் நின்று டயர் அதன்மேல் நழுவிச் சுழலும், டியூபின் வால்வு அதோடு கிழியும். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஸ்பாஞ்சால் தடவினால் போதும். அது காய்ந்த பிறகு வழுக்காது.

இன்னொன்று: புது டயரை வேலைக்கு முன் அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். குளிர்நாடுகளில் இதற்காக அறையைச் சூடாக்குவார்களாம். நமக்குக் காலை பத்து மணி வெயில் அதை இலவசமாகச் செய்து தருகிறது. ரப்பர் இளகிப் பக்கச்சுவர் சொன்னபடி வளையும்.

அம்புக்குறி, மஞ்சள் புள்ளி ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமா?

அம்புக்குறி, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்டுகிறது. அதை மாற்றிப் போட்டால் மறுபடி முழு வேலையையும் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், டயரை ரிம்மில் வைக்கும் முன் பிரேக் டிரம் எந்தப் பக்கம் வரும் என்பதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். வண்ணப் புள்ளி இருந்தால், அது டயரின் எடை குறைந்த இடம். வால்வுக்கு நேராக வையுங்கள். கப்சாய் வேகத்துக்கு அதற்குமேல் எடைச் சமன் பார்க்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

டயர் சரியாக உட்கார்ந்துவிட்டது என்பதற்கு என்ன அடையாளம்?

ரிம்மின் விளிம்பை ஒட்டி டயரின் பக்கச்சுவரில் ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடுவதைப் பார்க்கலாம். காற்றடித்தபின் அந்தக் கோடு ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தொலைவில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் உள்ளே மறைந்திருந்தால், அங்கே பீடு இன்னும் மேலேறவில்லை. காற்றை இறக்கி, அவ்விடத்தில் சோப்புநீர் தடவி மறுபடி அடியுங்கள். பக்கச்சுவரில் குறித்துள்ள உச்ச அழுத்தத்தை எக்காரணத்துக்காகவும் தாண்ட வேண்டாம், பம்பு வேலை செய்யும்போது முகத்தைச் சக்கரத்தின்மேல் கவிழ்க்கவும் வேண்டாம்.

டியூப் டயருக்கு, முதல் முறை அடித்த காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, இரண்டாம் முறை அடிப்பது நல்லது. உள்ளே டியூப் ஏதாவது மடிந்திருந்தால் இந்த இடைவெளியில் பிரிந்துகொள்ளும். பிறகு வண்டியில் ஒட்டியிருக்கும் தாளிலோ கையேட்டிலோ உள்ள அழுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். பின்னால் ஆள் ஏறுவதற்குத் தனி அளவு கொடுத்திருப்பார்கள். பெட்ரோல் நிலையத்தில் கிலோபாஸ்கலும் வீட்டு மானியில் பிஎஸ்ஐயும் இருந்தால், 100 கிலோபாஸ்கல் என்பது 14.5 பிஎஸ்ஐ என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 200 என்றால் 29. டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும்.

வால்வின் அடி நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காமல், மேலே ஏற்றி மூடியோடு முட்டவைப்பது என் பழக்கம். டயர் ரிம்மில் சிறிது சிறிதாக நகர்ந்தால் வால்வு சாய்வதைக் கண்ணால் பார்க்கலாம். இறுக்கியிருந்தால் அது நேராக நின்றபடியே அடியில் கிழிந்துகொண்டிருக்கும்.

டியூப்லெஸ் டயரை வீட்டில் மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, பீடு ரிம்மோடு இறுகப் பிடித்திருக்கும், குதிகாலுக்கு மசியாது. ஜி கிளாம்ப் இரண்டை எதிரெதிரே வைத்து இறுக்கலாம், அல்லது சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து, இன்னொரு மோட்டாரின் சைடு ஸ்டாண்டைப் பக்கச்சுவரின்மீது இறக்கி, அந்த வண்டியின் எடையைச் சாய்க்கலாம். ரிம்மின்மீது ஸ்டாண்ட் பட்டால் ரிம் வளையும், பார்த்துச் செய்யுங்கள்.

இரண்டாவது, புதிய டயர் உட்கார ஒரே வீச்சில் நிறையக் காற்று வேண்டும். கால் பம்பின் காற்று அடிக்க அடிக்க ஓரத்தில் கசிந்து போய்விடும். வால்வின் உள் ஊசியை எடுத்துவிட்டு, டயரின் நடுவைச் சுற்றிக் கயிற்றால் இறுகக் கட்டி, பக்கங்கள் ரிம்மை நெருங்கச் செய்து அடித்தால் சில சமயம் பிடிக்கும். பிடிக்காவிட்டால் சக்கரத்தைப் பெட்ரோல் நிலையத்துக்கோ கம்ப்ரஸர் உள்ள கடைக்கோ தூக்கிச் செல்லுங்கள். தீப்பற்றும் திரவத்தைத் தெளித்துக் கொளுத்தி டயரை உட்கார வைக்கும் வித்தையைக் காணொளிகளில் பார்த்துவிட்டு, அதைச் செய்யலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், வரிசையாக நிற்கும் பெட்ரோல் வண்டிகளுக்கு நடுவே, கூடவே கூடாது.

பினாங்குப் பாலத்தில் தினமும் போகிறேன். நடுவில் பஞ்சரானால் அங்கேயே டியூப் மாற்றலாமா?

பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகும் என் மாமன் மகன் கேட்டது இது. பாலம் 13.5 கிலோமீட்டர், 2014இல் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். கருவிகள் இருந்தாலும் அங்கே உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள். கடல்காற்று வீசும் குறுகிய ஓரத்தில், பின்னால் வரும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சக்கரத்தைக் கழற்றுவது தைரியத்தில் சேராது. ஓரமாக நிறுத்தி ரோந்து வாகனத்தை அழையுங்கள். பாலத்துக்கு முன்பே அழுத்தத்தைப் பார்ப்பதுதான் அங்கே பயன்படும் திறமை. வாரம் ஒரு முறை, காலையில் கிளம்பும் முன்.

அடுக்குமாடி நிர்வாகம் ஒன்றும் சொல்லாதா?

எங்களிடம் ஒரு முறை சொன்னார்கள், சோப்புநீர் படிக்கட்டுப் பக்கம் ஓடியதற்காக. நியாயமான புகார். அதன் பிறகு அட்டையும் வாளியும் இல்லாமல் இறங்குவதில்லை.

வேலை முடிந்ததும் உடனே வேலைக்குக் கிளம்பலாமா?

முதலில் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். எங்கும் உரசாமல், ஆடாமல் சுழல வேண்டும். அச்சு நட்டு, இரும்புப் பட்டையின் நட்டு, அந்த நட்டின் ‘பின்’ ஆகிய மூன்றையும் தொட்டுப் பாருங்கள். பின்னைப் பழையதையே நிமிர்த்திப் போடாமல் புதிதாகப் போடுங்கள். பிரேக் கம்பியின் நட்டைத் திருகி மிதியைச் சரிப்படுத்தி, நின்ற இடத்திலேயே சில முறை மிதியுங்கள். டிஸ்க் என்றால் கைப்பிடி இறுகும்வரை பலமுறை அழுத்துங்கள். பிறகு குடியிருப்புக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று. திரும்பி வந்து நட்டுகளை மறுபடி ஒரு முறை.

புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் நூறு கிலோமீட்டருக்காவது திடீரென்று பிரேக் பிடிப்பதையும் வளைவில் அதிகம் சாய்வதையும் தவிருங்கள். மாலை மழையில், கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் பாதையில், முதல் ஓட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே நான் இந்த வேலையை ஞாயிறு காலையில் செய்கிறேன். சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் ஈரத்தில் எந்த டயருக்கும் வழுக்கும், புது டயருக்கு இன்னும் அதிகமாக.

கழற்றிய பழைய டயரை என்ன செய்வது? பூந்தொட்டி வைக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

புதிய டயர் வாங்கிய கடையிலேயே கேளுங்கள். பல கடைகள் பழையதை எடுத்துக்கொள்ளும். வீட்டில் வைத்தால் கொசு வரும். டயரை எப்படிப் போட்டாலும் அதன் உட்குழிவில் மழைநீர் தேங்கும், சாய்த்தாலும் முழுவதும் வடியாது, உள்ளே இருட்டாகவும் இருக்கும். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு இதைத்தான் தேடுகிறது. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அது வளர ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். உங்கள் வளாகத்தில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால், 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்கீழ் சுகாதாரத் துறையினர் உங்களுக்கு அபராதம் விதிக்க முடியும். பூந்தொட்டிதான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் என்றால், டயரின் அடிப்பக்கத்தில் சுற்றிலும் நான்கைந்து பெரிய துளைகள் போட்டு, உட்குழிவு முழுவதையும் மண்ணால் நிரப்பிவிடுங்கள். எங்கள் மாடிக்கு எதிர்வீட்டு அத்தை அப்படி வைத்த டயரில் இப்போது கறிவேப்பிலைக் கன்று நிற்கிறது. அடுத்த பின்டயரும் தனக்கே என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.